முனை வீட்டு வாசலில் ஒரு வயர்

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிவிட்டது. அதைச் சொல்லாமல் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் ரோட்டில் இருந்த பள்ளிக்குப் பதினாறு வருடம் பஸ்ஸில் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் படியேறி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். "செத்த நேரம் நில்லுய்யா!" என்று நான் கத்தாத நாளே கிடையாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சின்ன பேட்டரி கார் கைமாறி எங்களிடம் வந்தது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. வலது கால் போதும். முதல் நாள் தனியாக ஓட்டிப்போய்ப் பள்ளி வாசலில் இறங்கியபோது அழுதேவிட்டேன்.

ஆனால் கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. எங்களுடையது சந்தில் நாலாவது வீடு. கார் நிற்பதோ சந்து முனையில், ரோட்டோரம். நடுவில் மூன்று வீட்டு வாசல். என் கணவர் வீட்டில் கிடந்த பழைய வயர்களை முறுக்கி, ஒட்டுகளில் டேப் சுற்றி, ஒரே வயராக்கினார். "சார்ஜ் ஏறுதுல்ல, போதும்" என்பது அவர் கொள்கை. கணக்கு டீச்சருக்கு அறிவு எங்கே போனது என்று கேட்காதீர்கள். மறுநாள் பஸ் ஏற வேண்டாம் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ராத்திரி வயரை விரிப்போம், விடிந்ததும் சுருட்டுவோம். தொட்டால் சுடும். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் வாசல் தெளிக்க ஒரு வாளி இருக்கும். முனை வீட்டு அக்கா பூக்கட்டிப் பிழைப்பவர். எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்துவிட்டுப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். ஒருநாள் வயரின் ஒட்டு ஒன்று அவர் வாசலில் கிடந்திருக்கிறது. அதில் தண்ணீர் பட்டுவிட்டது. ஈரக்கையோடு வயரை ஓரமாகத் தள்ளக் குனிந்தவரைக் கரண்ட் தூக்கி எறிந்தது. அலறல் கேட்டதும் கணவர் பிளக்கைப் பிடுங்கினார். நான் விழுந்தடித்துப் போய்ப் பார்த்தால் வாளி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"பயப்படாதீக டீச்சர், ஒண்ணும் ஆகல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். விரல்கள் மரத்துப்போய்ப் பத்து நாள் அவரால் பூக்கட்ட முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடியும் பஸ். எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒட்டே இல்லாம ஒரே வயரு, தடிமனா, எர்த்தோட இருக்கணும். தரையில போடாம பைப்புக்குள்ள விட்டு சுவத்துலயே கொண்டுபோகணும். கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிச்சு வேணும். இம்புட்டும் செஞ்சா காரு, இல்லாட்டி பஸ்ஸுதேன்."

நடுவிலிருந்த இரண்டு வீட்டாரும் சரி என்றார்கள். ஆனால் பைப் முடிகிற இடம் முனை வீட்டுச் சுவர். எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். காரை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் காதுக்கு எட்டி, அக்காவே கூப்பிட்டார். "எம்புட்டு நாளைக்கு டீச்சர் அந்தப் படியில தொத்தி ஏறுவீக? பைப்ப அடிங்க. ஆனா அமத்துற சுவிச்சு எங்க வீட்டுக்குள்ள இருக்கணும். அத அமத்திட்டுத்தேன் நான் வாளியத் தூக்குவேன்."

அப்படியே செய்தோம். தினமும் விடியலில் "டீச்சர், அமத்திட்டேன்!" என்று சத்தம் வரும். அதுதான் எனக்கு அலாரம். சில நாள் சார்ஜ் முழுசாக ஏறியிருக்காது. ஆனாலும் மூச்சுவிட மாட்டேன்.

ஆறு வருடம் ஓட்டினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்காவுக்கும் பயம் விட்டுப்போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சத்தம் வந்த கையோடு முனைக்குப் போனேன். அக்கா வாசல் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தார். பைப் போகிற சுவரோரம் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, ஒரு சொட்டு விழவில்லை.

"அதான் அமத்தியாச்சேக்கா, அங்க ஏன் விட்டுட்டீக?"

"கை போகமாட்டேங்குது டீச்சர்" என்று சிரித்தார்.

கார் போய்விட்டது, பைப்பையும் எப்போதோ கழற்றிவிட்டோம். அந்த ஓரம் இன்றைக்கும் காய்ந்துதான் கிடக்கிறது.