பிரிக்காமல் கொடுத்த பார்சல்

எங்கள் வீட்டில் நத்தார் பரிசை, அதுதான் கிறிஸ்துமஸ் பரிசை, டிசம்பரில் கொடுப்பதில்லை. ஜூலையில், விரல் விறைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொடுப்போம். இத்தனைக்கும் நாங்கள் சைவ சமயக்காரர். இது எப்படித் தொடங்கியது என்று யாராவது கேட்டால், என் மகள்மார் இரண்டு பேரும் "ஆஸ்க் அம்மா" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். குற்றவாளி நான்தான். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். என் கணவரிடம் விட்டால் கண், காது, மூக்கெல்லாம் வைத்துச் சொல்வார்.

2011ஆம் ஆண்டு. சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம். பக்கத்து வீட்டில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். என் கணவர் எங்கள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கும்போது அவருடையதையும் இழுத்து வைப்பார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைப்பேன், அவர் அந்தப் பக்கம் நின்று அசைப்பார். அவ்வளவுதான் பழக்கம்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு பின்னேரம் அவர் எங்கள் கதவைத் தட்டி ஒரு பார்சலை நீட்டினார். பளபளக்கும் தாள். அதில் வரிசையாக நத்தார் தாத்தா. போன டிசம்பரில் மிஞ்சிய தாளை வீணாக்காமல் சுற்றியிருக்கிறார், நல்ல சிக்கனக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். நன்றி சொல்லி வாங்கி, நேரே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தேன். தந்தவர் முன்னாலேயே பரிசைப் பிரிப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. காணாததைக் கண்டவர்கள் மாதிரி இருக்கும். திரும்பி வந்தபோதும் அவர் வாசலிலேயே நின்றார். என்னவோ கேட்க வந்தவர் போல இருந்தது. அடுப்பில் பருப்பு கிடந்த அவசரத்தில் "பை பை" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

எங்கள் வீடுகளில் அலுமாரிக்குள் போன பரிசு பிறகு என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை பிளாக்டவுனில் ஒரு பிறந்தநாள். முன்பு என்னோடு வேலை செய்த மதுரைச் சிநேகிதியின் மகனுக்கு ஐந்து வயது. பரிசு வாங்க மறந்துவிட்டேன். வெளியே இவர் காரில் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒரு நிமிசம் பொறுங்கோ!" என்று கத்தியபடி அலுமாரிக்குள் கையை விட்டேன். அகப்பட்டது அந்தப் பார்சல். அமத்திப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. பிள்ளைக்கு உடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நத்தார் தாத்தாவை மறைக்க மேலே பலூன் படம் போட்ட தாளை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினேன். என் கெட்டித்தனத்தை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வியாழன் சிநேகிதியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அக்கா, ஞாயிறு பார்க்கலாம்." நானும் ஓகே என்று அனுப்பினேன். ஞாயிறு பின்னேரம் என்றால் கோயிலில் சந்திப்போம். அதில் கேட்க என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு மணி இருக்கும். சமையலுக்குக் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டு நின்ற நான் ஜன்னலால் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் சிநேகிதியின் கார். அவள், கணவன், இரண்டு பிள்ளைகள். நாலு தலையிலும் ஒரே மாதிரிச் சிவப்புக் கம்பளித் தொப்பி, உச்சியில் வெள்ளைக் குஞ்சம். சின்னவனுக்கு அது கண் வரை இறங்கியிருந்தது. வரிசையாகப் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தார்கள்.

"வீடு மாறிப் போட்டினம் போல" என்றார் இவர். நான் வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினேன்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அம்மா நாலு தொப்பிகளையும் பார்த்தார். பிறகு வேலியடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னக்கா, நீங்க இன்னும் கிளம்பலையா?" என்றாள் சிநேகிதி. "லேட்டாயிருச்சுன்னு நாங்க அடிச்சுப் பிடிச்சு வர்றோம். கிஃப்ட்டுக்குள்ள கார்டு வச்சிருந்தீங்களே! ஜூலை கிறிஸ்துமஸ், ஞாயித்துக்கிழமை பன்னண்டு மணிக்குச் சாப்பாடு, உங்க பக்கத்து வீட்டு நம்பர். ரெண்டு வீடும் சேர்ந்து பண்றீங்கன்னுல்ல நினைச்சோம்!"

எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். பார்சலைப் பிரிக்கவே இல்லை, அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று அவருக்கு இங்கிலீஷிலும் இவளுக்குத் தமிழிலும் மாறி மாறிச் சொன்னேன். சிநேகிதி மெல்லத் தொப்பியைக் கழற்றினாள். என் கணவர் பின்னால் நின்று வானத்தை ஆராய்ந்தார். அந்த அம்மா மட்டும், "குளிர்கிறது, எல்லோரும் உள்ளே வாருங்கள்" என்றார்.

உள்ளே போனபோதுதான் மேசையைப் பார்த்தேன். வெள்ளை விரிப்பு, இரண்டு மெழுகுதிரி, ஒரே ஒரு தட்டு. மற்ற நாலு தட்டுகளும் குசினி மேடையில் அடுக்கியிருந்தன. முக்கால் மணி நேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டு எடுத்து வைத்தாராம்.

அவரும் கணவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். வெயிலில் வரும் நத்தார் அவர்களுக்கு நத்தாராகவே இல்லை. அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டு பேருமாகச் சமைத்துச் சாப்பிடுவார்களாம். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இந்த முறை எங்களைக் கூப்பிடுவோம் என்று உட்கார்ந்து தொப்பி பின்னியிருக்கிறார். வாயால் கேட்கக் கூச்சப்பட்டுக் கார்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார்.

"ஒருவரும் வராவிட்டால் இனி இதை விட்டுவிடுவது என்று இருந்தேன்" என்றார், உப்பை எடுத்துத் தருபவர் போலச் சாதாரணமாக.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு தட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய் மிச்சத் தட்டுகளையும் உட்காரக் கதிரைகளையும் தூக்கி வந்தார்கள். ஒன்பது பேருக்குக் கோழி போதாது. என் சோறும் பருப்பும் வேலி கடந்து வந்தன. சிநேகிதி மரக்கறிக்காரி, கோழி தொடமாட்டாள். அவள் உருளைக்கிழங்கையே மூன்று தரம் போட்டுக்கொண்டு "சூப்பர் ஆன்ட்டி" என்றாள்.

புறப்படும்போது, "நான் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், மன்னியுங்கள்" என்றேன்.

"பிரித்திருந்தால் நாலு பேர்தான் வந்திருப்பீர்கள்" என்று சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வருடம் மே மாதமே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கையில் கம்பளி நூல் உருண்டை. "பின்னத் தொடங்கப் போகிறேன். எட்டுப் பேரும் வருவீர்கள்தானே?" என்று இந்தத் தடவை வாயாலேயே கேட்டார்.

"ஓம், ஓம், எல்லாரும் வாறம்!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது.