சக்களத்தியின் சத்தம்

என் புருஷனுக்கு இரண்டு பெண்சாதி. ஒருத்தி நான். மற்றவள் ஒரு சரக்குக் கப்பலின் இஞ்சின். அவர் அதில் இரண்டாம் இஞ்சினியர். வருடத்தில் முக்கால்வாசி அவளோடுதான். லீவில் வந்தால் மிச்சம் எனக்கு.

அதைக்கூடத் தாங்கலாம். அவளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் குழைகிறதே, அதைத்தான் தாங்க முடியாது. "இண்டைக்கு அவளின்ர சத்தம் கொஞ்சம் வித்தியாசமாக் கிடக்கு" என்பார். எனக்குத் தடிமன் பிடித்து மூக்கால் பேசிக்கொண்டிருப்பேன். என் சத்தம் வித்தியாசமாக இருப்பது அந்த மனுசனின் காதில் ஏறாது. வயிறு எரியுமா, எரியாதா?

நான் உயிலங்குளத்துக்காரி. வயல் பக்கம் வளர்ந்த எனக்கு உழவு மெஷின் சத்தம் மட்டுந்தான் தெரியும். கலியாணம் கட்டி மன்னார்த் தீவின் கரைக்கு வந்த பிறகுதான் இங்குள்ள பெண்களின் காதைக் கண்டு வாயைப் பிளந்தேன். கடலில் எத்தனை போட் ஒன்றாக வந்தாலும், தன் வீட்டுப் போட்டின் இஞ்சின் எது என்று குசினிக்குள் இருந்தபடியே சொல்வார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சோற்றுக்கு உலை வைப்பார்கள். கேட்காமல் வைப்பது எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஆகாத காரியம்.

"உமக்கென்ன பிள்ளை, உம்மட மனுசன்ர இஞ்சினுக்கு எந்தக் கடலில காது வைக்கிறது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி பண்ணுவார்.

நான் காதைப் போனில் வைத்தேன். அவர் எடுக்கும்போதெல்லாம் பின்னால் அவள் உறுமிக்கொண்டேயிருப்பாள். கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாலும் நடுவில் வந்து நிற்பாள், வெட்கங்கெட்டவள். சக்களத்தியை நோட்டம் விடாத பெண் உண்டா? கேட்டுக் கேட்டு, அவள் எந்த நாள் முழு வேகத்தில் ஓடுகிறாள், எந்த நாள் மெல்லப் போகிறாள் என்றுகூடச் சொல்லப் பழகிவிட்டேன்.

போன வருடம் எங்கள் கலியாண நாளன்று போன் எடுத்தார். எடுத்த வாயோடு, "கனநேரம் கதைக்கேலாது" என்றார். "நேற்றுப் புது எண்ணெய் ஏத்தினது. அதில கசடு கூடிப்போச்சு. சும்மா நிக்கிற மற்ற ஜெனரேற்றரின்ர பில்டரைக் கழட்டிக் கழுவ வேணும்."

"அதுக்கு அங்க வேற ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். எண்டாலும் நான் பாத்தால்தான் மனம் ஆறும். ஓடுற ஜெனரேற்றர் அடைச்சு நிண்டா மற்றது உடன பிடிக்க வேணும். பிடிக்காட்டிக் கப்பல் முழுக்க இருட்டு. பம்புகள் நிண்டா பெரிய இஞ்சினும் நிண்டுடும். பிறகு சுக்கானும் சொல்வழி கேளாது."

"என்ர மனம் ஆற வேண்டாமோ? கூறைச் சீலையை அனுப்பிவிடுறன், அவளுக்கே கட்டிவிடுங்கோ!" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சமாதானம் பேச எடுத்தார். ஒடுக்கமான கடலால் போகிறார்களாம், இரண்டு பக்கமும் பாறையாம். எனக்கென்ன வந்தது? "ம்" மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் அந்த உறுமல் இறங்கி, அடங்கிப்போனது. அப்பாடா, இன்றைக்காவது வாயை மூடினாளே என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஐயோ, கரண்ட்..." என்றார். லைன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அடுத்தது என்ன நடக்கும் என்று அவரே பாடம் பாடமாகச் சொல்லித் தந்திருக்கிறாரே. பம்பு, பெரிய இஞ்சின், சுக்கான், இரண்டு பக்கமும் பாறை. திருப்பித் திருப்பிப் போன் எடுத்தேன். போகவில்லை.

அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, இன்னும் உலை வைக்கேல்லையோ?"

"சத்தம் இல்லை அக்கா."

கேலி பேசுகிற அந்த வாய் அன்று, "மாதாவே" என்பதோடு நின்றுவிட்டது. வந்து என் பக்கத்தில் குந்தினார். பின்னேரம் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. அக்காவின் வீட்டுப் போட்டும் வந்தது. அவர் எழும்பிப் போகவில்லை. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுக்கியோடு மன்றாடிக்கொண்டிருந்தேன். ஓடடி. ஒருக்கா ஓடு. வேணுமெண்டால் அவரை நீயே வைத்துக்கொள், ஓடு.

பொழுதுபட முன்னர் போன் அடித்தது.

"இஞ்சேரும்..."

"கதையாதேங்கோ! போனை அவளுக்குக் கிட்டப் பிடியுங்கோ."

"ஆருக்கு?"

"பிடியுங்கோ எண்டுறன்!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள். அதே உறுமல், அதே முழு வேகம். என் சீவியத்தில் எந்தப் பெண்ணின் குரலையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அழுதுகொண்டே கேட்டேன்.

அவர் திரும்பப் போனுக்கு வந்து, முதல்நாள் கழுவின ஜெனரேற்றர் உடனே பிடித்துக்கொண்டதாகவும், பெரிய இஞ்சினைத் திருப்பி ஓடவைத்து எல்லாம் சரிபார்க்கத்தான் இவ்வளவு நேரம் என்றும் சொன்னார். சொல்லி முடித்ததும் குறைப்பட்டார்:

"நான் எப்பிடி இருக்கிறன் எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீரோ? முதல்ல அவளைத்தானே கேட்டனீர்."

"ஏன், எரியுதோ?"

"ஓம், எரியுது."

"நல்லா எரியட்டும்" என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் எழும்பிப் போய் உலை வைத்தேன்.