பங்களாக்காரி வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஓர் ஆனி மாதம், குற்றாலத்தில் தங்கியிருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று தலைமையாசிரியை என்னை அனுப்பினார்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். இறந்துபோன தன் தாயாரின் வரலாற்றைக் குடும்பத்தாருக்காக எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாயார் போன நூற்றாண்டில், பாதிரியாரான கணவரோடு மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து மதுரைப் பக்கம் வந்தவர். முதல் இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். மூன்றாவது பெண் பிறந்ததும் அவரே காய்ச்சலில் விழுந்து பால் வற்றிவிட, சாரல் காற்றுக்காகக் குற்றாலம் வந்து ஒரு பங்களாவில் தங்கியிருக்கிறார்கள். அந்த மூன்றாவது பெண்தான் என் எதிரே உட்கார்ந்திருந்தவர். ஏழு வயதில் ஊர் திரும்பியதால் அவருடைய தமிழ் ஏறக்குறைய மறந்து போயிருந்தது.

தாயார் எழுதிய பழைய கடிதம் ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினார். இலத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள், குழந்தை தேறியது, மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள் என்று அதில் இருந்தது. கடைசியில், ‘நன்றி கெட்டவள்.’

“அம்மா யாரைப் பற்றியும் இப்படி எழுதியதில்லை. அவள் ஏன் போனாள் என்று தெரியாமல் என்னால் இதை எழுத முடியாது” என்றார் ஆங்கிலத்தில்.

சனிக்கிழமை மாட்டுவண்டி பிடித்து இலத்தூர் போனோம். அறுபது வருஷத்துக் கதையை யாரிடம் கேட்பது என்று எனக்கு மலைப்பாக இருந்தது. குளக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், முன்னொரு காலத்தில் குற்றாலத்து பங்களாவில் வெள்ளைக்காரக் குழந்தைக்குப் பால் கொடுத்தவளைப் பற்றி விசாரித்தேன்.

“பங்களாக்காரி வீடா? அந்தா, வேப்பமரத்துக்கு அங்கன” என்று உடனே கை காட்டினாள்.

அந்த வீட்டில் ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பால் கொடுத்தவளின் மகன். நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தார்.

“எனக்கு மூத்தது ஒரு பொம்பளப் பிள்ள, டீச்சரம்மா. கைப்பிள்ள. அத ஆச்சிகிட்ட விட்டுட்டுத்தான் அம்மை பங்களாவுக்குப் போனா. இங்கன அதுக்குக் கஞ்சித் தண்ணி ஒத்துக்கிடல. செத்துப் போச்சு. தாக்கல் சொல்ல ஆள் வந்ததும் அம்மை அப்படியே ஓடி வந்துட்டா.”

‘குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனது’ என்று பூசி மெழுகிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. “செத்துப் போச்சு” என்று அந்த அம்மாள் தமிழிலேயே மெல்லத் திருப்பிச் சொன்னார். மறந்த பாஷையில் அந்தச் சொல் மிஞ்சியிருந்தது. பிறகு, “அவள் என்னை வெறுத்தாளா?” என்று கேட்கச் சொன்னார்.

பெரியவர் தலையை ஆட்டினார். “ஒரு நாளும் ஏசினதில்ல. சாகுத வரைக்கும், அந்த வெள்ளப் பிள்ள பொழச்சுதா, என்ன ஆச்சோன்னுதான் கேட்டுக்கிட்டே கெடந்தா. யாருக்குத் தெரியும்? இப்பத்தான் தெரியுது, நீங்க பொழச்சிட்டியன்னு.”

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பெரியவர் உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார். கிளம்பும் முன் அந்த அம்மாள், இறந்துபோன குழந்தையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து, அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. தாயாரின் கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டிருந்தார்; அதன் கீழே இலத்தூரில் கேட்டதையும் எழுதியிருந்தார். குடும்பத்துப் பிள்ளைகளின் பட்டியலில், இறந்த இரு குழந்தைகளுக்கு அடுத்து, இலத்தூரில் இறந்த அந்தப் பெண் குழந்தையின் பெயரும் இருந்தது. ஒரு வரியில் எதையும் ஈடுகட்டிவிட முடியாது. ஆனாலும் எடுத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன்.

நான் படித்துக் காட்டிய அந்த வரியில் பெரியவர் விரலை வைத்துப் பார்த்தார். “அக்கா பேரு இருக்கு, சரி. எம் பேரு எங்க?”

“உங்க பேரு இல்லையே, பெரியவரே.”

“நானும் அதே பாலக் குடிச்சவன்தான?”

அன்றே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்வதற்குள் யுத்தம் வந்து கப்பல் தபால் தடுமாறியது. பதில் வரவேயில்லை. என் பிரதியில் நானே பென்சிலால் அவர் பெயரைச் சேர்த்தேன். எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று அப்போது யோசிக்கவில்லை.