மீன் குழம்பை மறுத்த மூன்று வாரம்

2009ஆம் வருடம். கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மனைவி அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. அவளுடைய தம்பி, என் மச்சான், எங்களோடு தங்கி, தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்து வந்தான். கடைக்குப் பக்கத்தில் ரத்ததான முகாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துப் போனான். ரத்தம் கொடுத்து, பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டு, ஊரையே காப்பாற்றியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

பத்து நாள் கழித்து ரத்த வங்கிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஹெபடைடிஸ் சி டெஸ்ட் பாசிட்டிவா வந்திருக்குங்க. கல்லீரல்ல வர்ற கிருமி. பெரிய ஆஸ்பத்திரியில இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றார் அங்கிருந்த அம்மா.

'கல்லீரல்' என்றதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கல்லீரல் என்றால் எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. அவ்வளவுதான் என் வைத்திய அறிவு. ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால்? அந்த பயம் மட்டும் என்னைத் தூங்க விடவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, கம்பெனியில் வைத்தே குடித்தேன். உப்பு, எண்ணெய், மீன் எல்லாவற்றையும் விட்டேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை. கேட்டால் சளி என்றேன்.

சளியை நம்பியிருப்பாள். கடற்கரையில் பிறந்தவன் மீன் வேண்டாம் என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? மூன்றாவது வாரம் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"வஞ்சிரம் கொழம்பு வச்சா வாணாங்குறீங்க. எம்பக்கத்துல உக்காரக்கூட மாட்டேங்குறீங்க. இன்னாதான் பண்ணிட்டு வந்தீங்க? இப்பவே சொல்லிடுங்க."

அழுகையை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளும் கொஞ்சம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றாள். தம்பியையும் கூட்டிக்கொண்டாள்.

நான் கடைப்பிடித்த ஜாக்கிரதைகளை டாக்டரம்மாவிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தட்டு, டம்ளர், பக்கத்துல உக்கார்றது, இதுலல்லாம் பரவாது. ரத்தத்துலதான் பரவும். ஊசி, பிளேடு மாதிரி. உங்க ரேசரை வேற யாராவது யூஸ் பண்றாங்களா?"

மச்சான் மெதுவாகத் தாடையைத் தடவினான். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரே ரேசர்தான். அன்று காலையில்கூட நான் முடித்ததும் அவன் அதில் ஷேவ் பண்ணியிருந்தான்.

"மாமா, தட்டைப் பிரிச்சிட்டு என்னைய மாட்டிவிட்டுட்டீங்களே!"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் விபத்தில் கால் உடைந்து எனக்கு ரத்தம் ஏற்றியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அப்போது வந்திருக்கலாம் என்றார். கிருமி இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க என் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மற்ற இருவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள்.

அவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பாதி உயிர் வந்தது. பத்து நாளில் என் ரிசல்ட்டும் வந்தது. டாக்டரம்மா படித்துச் சொன்னார்.

"கிருமி இல்ல. எப்பவோ வந்து, உங்க ஒடம்பே அதைத் தொரத்திடுச்சு. எல்லாருக்கும் இப்படிப் போயிடாது, டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்."

"கீழாநெல்லி வேலை செஞ்சிடுச்சு மாமா!" என்றான் மச்சான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். அந்த வராந்தாவில் என்னைவிடச் சந்தோஷமான மனிதன் யாரும் இருந்திருக்க மாட்டான்.

இப்போதும் யாராவது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு வந்தால், நான் முதலில் கேட்பது "வீட்டுல சொல்லிட்டியா?" என்பதைத்தான். நான் ஒருவனாக மூன்று வாரம் சுமந்த பயத்தை, முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று பேராகச் சுமந்திருப்போம்.