சூலூர் தறிக் குடோன் வாசலில் ஒரு சமையல்: அங்கே கேட்கக் கூடாத ஒரு கேள்வி

ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பவானியிலிருந்து சூலூருக்குப் போய்வந்தேன். சூலூரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விமானப்படைத் தளம் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். ஒரு குளம் இருக்கிறது. மற்றபடி தறிச் சத்தம்தான். நான் போனது ஒரு வாசகர் திட்டியதால்.

கோயம்புத்தூர் பிரியாணிக் கடைகளை வரிசைப்படுத்தி ஒரு பதிவு போட்டிருந்தேன் இல்லையா, அதன் கீழே சின்னச்சாமி என்பவர் எழுதியிருந்தார். "நீங்க சொல்ற கடையெல்லாம் காசு வெச்சிருக்கறவனுக்குங்க. எங்க தறிக் குடோன் வாசல்ல சனி, ஞாயிறு ஒரு சமையல் நடக்குது. பள்ளிக்கூடம் லீவுன்னா சோறும் லீவுன்னு இருக்கற பசங்களுக்கு. ஒருநாள் வந்து பார்த்துப்போட்டு எழுதுங்க." மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் திட்டுவதும் இப்படித்தான். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

இனி வழி. வழக்கம்போல எல்லாம் பஸ்தான். பவானியில் காலை 6.10க்கு ஏறினேன். ஈரோடு பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். அங்கே 7.05க்குத் திருப்பூர் பஸ், ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது, ஆனால் ஜன்னல் கண்ணாடி நகரவில்லை. திருப்பூரில் 8.40க்கு இறங்கி இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. 9.15க்குப் பல்லடம் வழியாகச் சூலூர் போகும் பஸ், முப்பத்திரண்டு ரூபாய்.

நடத்துநருக்கு என்னைப் பார்த்துச் சந்தேகம். "சூலூருக்கு ஞாயித்துக்கெழமை என்னங்கண்ணா, பையனுக்குப் பொண்ணு பார்க்கவா?" என்றார். சாப்பாடு போடும் இடத்தைப் பார்க்க என்று சொன்னேன். "அப்ப கல்யாணந்தானுங்க" என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார். 10.35க்குச் சூலூர். நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோ அறுபது கேட்டார்கள், நான் நடந்தேன்.

குடோன் வாசலில் சின்னச்சாமி நின்றிருந்தார். இருபது தறிக்குச் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் தறிகள் ஓடுவதில்லை, அதனால் வாசல் அமைதியாக இருந்தது. கூரைக்குக் கீழே இரண்டு பெரிய அடுப்பு. அதற்கு முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்தரிக்காய் தட்டப்பயிறு குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர் ரோஸ்லின். இந்தச் சமையலின் முழுப் பொறுப்பும் அவருடையதுதான். வார நாள்களில் பக்கத்து அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு இங்கே அடுப்பு மூட்டுகிறார்.

எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். "திங்கக்கெழம மத்தியானம் ரெண்டாவது தடவ தட்டை நீட்டற கையெல்லாம் எனக்குத் தெரியுமுங்கண்ணா. வெள்ளிக்கெழம அதே கை ஒரு தடவையோட நின்னுரும். அப்ப நடுவுல ரெண்டு நாள் என்ன நடக்குதுன்னு ரோசனை பண்ணேனுங்க. அவ்வளவுதான்" என்றார். கரண்டி நிற்கவே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எத்தனையோ பேர் அதே வரிசையைப் பார்த்திருப்பார்கள், கையைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா கெட்டவர்கள் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து ஒருவர் தூங்குவார், நூல் மில்லில் ஞாயிறு ஷிப்டுக்கு இன்னொருவர் போயிருப்பார். தருமபுரிப் பக்கமிருந்தும் வடநாட்டிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள், சோறு வடித்துக் கொடுக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அரிசியைச் சுற்று வட்டாரத்துக்காரர்கள் கொடுக்கிறார்கள், எரிவாயு சின்னச்சாமியுடையது. தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் காய் அனுப்புகிறார். அன்றைக்கு வாழைக்காய் வறுவல். "ஆனை வந்து நாப்பது வாழையச் சாய்ச்சுப்போட்டுதுங்களாம், காயெல்லாம் இங்க வந்துருச்சு" என்றார் சின்னச்சாமி. யானைக்கும் இந்தச் சமையலில் ஒரு பங்கு என்று நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும். யாரும் யாரையும் வா என்று அழைக்கவில்லை. வந்தார்கள், கை கழுவினார்கள், உட்கார்ந்தார்கள். எனக்கு ரசம் ஊற்றும் வேலை கொடுத்திருந்தார்கள், பந்தி தொடங்கும் வரை குழாயடியில் நின்றிருந்தேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கை கழுவினாள். நான் சிரித்துக்கொண்டு, "என்ன கண்ணு, சாப்டாச்சா?" என்றேன்.

"ஆச்சுங்க மாமா" என்றாள். தங்கை அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது. "சும்மா பாக்க வந்தோமுங்க" என்று சொல்லி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து, தங்கையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நல்ல மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஐந்து நிமிடம் கழித்து ரோஸ்லின் தேடினார். "தாரணி வந்தாளே, எங்கீங்க?"

"அவ சாப்ட்டுட்டாளாமுங்க. சும்மா வந்தாளாம்."

ரோஸ்லின் கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டீங்களா?"

"மரியாதைக்குக் கேட்டேனுங்க."

"அவளும் மரியாதைக்குத்தானுங்க சொல்லிப்போட்டா." குரல் உயரவில்லை. "இங்க அதை மட்டும் நாங்க யாரும் கேக்கறதில்லீங்கண்ணா. கேட்டாத்தானே பொய் சொல்லோணும்."

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். எதிராளி பட்டினி கிடந்தாலும் ஆச்சுங்க என்றுதான் சொல்வார். நானும் ஐம்பத்து நான்கு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆச்சு என்று சொன்ன வாயோடு ஒரு பிள்ளை எப்படிப் பந்தியில் போய் உட்காரும்?

ரோஸ்லின் மீதியையும் சொன்னார். தாரணி ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலைச் சாப்பாடும் சாப்பிட்டவள். ஆறாவது போனதும் அது நின்றுவிட்டது, மதியச் சாப்பாடு மட்டும்தான். போன வாரத்துக்கு முந்தைய வாரம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள். போன வாரம் குழாய் வரைக்கும் வந்தாள். இன்றைக்குத்தான் கையைக் கழுவியிருக்கிறாள். நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து, ஒரு பிள்ளையின் தட்டைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

"நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்க" என்றேன்.

"நான் போனா, சோத்துக்குக் கூப்புட வந்திருக்கறேன்னு தெரிஞ்சுரும். அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டா. நீங்க போங்க. சோறுங்கற பேச்சே எடுக்காதீங்க. உங்குளுக்கு ஏதோ வேலை ஆகோணும்னு போங்க."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருநூறு அடி தள்ளி இருந்தன. மூன்றாவது வீட்டு வாசற்படியில் அக்கா தங்கை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் உண்மையையே சொல்லிவிட்டேன்.

"ஏனுங் கண்ணு, எனக்கொரு ஒத்தாசை பண்ணோணும். என்னைய ரசம் ஊத்தச் சொல்லிப்போட்டாங்க. சின்ன வகுப்புக்கு அரைக் கரண்டி, பெருசுக்கு ஒரு கரண்டியாம். எனக்கு எந்தப் பையன் எந்த வகுப்புன்னே தெரியல. கூட நின்னு சொல்றியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் ரசம் ஊற்றத் தெரியாதவன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. "இவளையும் கூட்டிட்டு வரலாமுங்களா?" என்றாள். தாராளமாக, அப்பளம் வைக்கவும் ஆள் இல்லை என்றேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் என்னை ஆட்டிவைத்துவிட்டாள். "மாமா, சோத்து மேல ஊத்துங்க, தட்டு ஓரத்துல ஊத்தாதீங்க." "அவன் நாலாவதுங்க, ஆளு குட்டையா இருந்தா சின்ன வகுப்பாயிருமா?" "கரண்டிய ஆட்டாதீங்க, மேலுக்குத் தெறிக்குது." சின்னச்சாமி தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ரோஸ்லின் ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டே கால் மணிக்குப் பரிமாறியவர்களுக்கான பந்தி. அங்கே அது வழக்கம், வேலை செய்தவர்கள் கடைசியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தாரணி தங்கையை முதலில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். ரோஸ்லின் சோற்றைப் போட்டார், குழம்பை ஊற்றினார், முட்டையை வைத்தார். தாரணி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். மூன்று தடவை சோறு வாங்கினாள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு என் தட்டையே பார்த்தேன். பிரியாணிக் கடைகளுக்கு மதிப்பெண் போட்ட என் கையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் பதினொரு மணிக்கே வந்துருங்க மாமா. லேட்டா வந்தீங்கன்னா ரசம் ஆறிப்போயிரும்" என்றாள். அடுத்த வாரம் நான் வால்பாறை போவதாக இருந்தது. சரி கண்ணு, வாரேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? நான் வரவில்லையென்றால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அவள் வரமாட்டாள்.

போக விரும்புபவர்களுக்குச் சில விஷயம். தெருப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்கு எழுதுங்கள், ரோஸ்லினைக் கேட்டுச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வருபவர்களுக்குத் திருச்சி சாலையில் அடிக்கடி பஸ் உண்டு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பத்தரைக்குள் வந்தால் காய் நறுக்கலாம், அதற்குத்தான் ஆள் பற்றாக்குறை. பிறந்தநாள் கேக்கோடு போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள், போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். கொடுக்க நினைப்பவர்கள் தட்டப்பயிறு, எண்ணெய், முட்டை கொடுக்கலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறையிலும், முக்கியமாக மே மாதம் முழுவதும் கை வேண்டும். அப்போது ரோஸ்லின் தினமும் சமைக்கிறார். திரும்பும்போது மாலை நான்கு மணிக்குமேல் பல்லடம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, மூன்றரைக்கே கிளம்பிவிடுங்கள்.

வால்பாறையைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்னும் போகவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் சூலூர்தான் போனேன், தாரணி பக்கத்தில் நின்று அதட்ட, ரசம் ஊற்றினேன். நான்காவது ஞாயிறு பல்லடத்தில் பஸ் டயர் பஞ்சர். வேர்க்க விறுவிறுக்க ஓடி, குடோன் வாசலில் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. நடு வரிசையில், மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக, தாரணி தங்கையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்களே ஊத்திருங்க மாமா" என்றாள்.