மூன்றைக் கழிக்காதவர்

எங்கள் விமான நிலையத்துக்கு இடம் பார்த்துக் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், ஒரே ஒரு நாள் என் கவுன்ட்டரில் உட்காரவைப்பேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் ஓடுபாதை. வருடத்தில் எட்டு மாதம் ஈ ஓட்டுவோம். சுற்றுலாக்காரர்கள் படையெடுக்கும் நான்கு மாதத்தில்தான் காற்றும் பேயாக அடிக்கும். விமானம் இறங்காமல் திரும்பினால் அதை மைக்கில் சொல்வது நான், திட்டு வாங்குவதும் நான். ஏதோ காற்றை என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருப்பது போல.

அவர்கள் சண்டை போட வேண்டிய ஆள் மாடியில் இருக்கிறார். என் அண்ணன். பத்தொன்பது வருடமாகக் காற்றை அளந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்கிறார். ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்றின் வேகம் இருபத்தைந்து 'நாட்' அளவைத் தாண்டினால் இறங்க அனுமதி இல்லை. டாக்சிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரிட்டர்ன்'. "என்ன ரிட்டர்ன் சார், இன்னைக்கும் எங்க பொழப்புல மண்ணா?" என்பார்கள். வீட்டிலும் அவர் அதே ஆள்தான். சமையல் எப்படி என்று அண்ணி கேட்டால், "உப்பு கொஞ்சம் கூட" என்பார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா?

இந்த சீசனிலும் அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. "உங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு? அந்தக் காத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று அண்ணி பெட்டியோடு பெரிய ஊரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பதினொரு தடவை போனில் கெஞ்சினேன்.

"சரி, உனக்காக வர்றேன். ஆனா அந்தக் காத்து என்னைத் திருப்பி அனுப்பிச்சுன்னா இங்கேயே இருந்துடுவேன். அப்புறம் கூப்பிடாத" என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் விமானம். அண்ணன் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது. மாடிக்கு ஓடினேன். இருபத்தேழு.

"பரவால்லண்ணே, மூணு கழிச்சா இருபத்துநாலுதானே?"

இந்த மூன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காற்றளக்கும் கம்பம் முன்பு கடல் முனையில் நின்றது. அங்கே ஓடுபாதையைவிடக் காற்று கூடுதல். அதனால் மூன்றைக் கழித்துச் சொல்வது இங்கே வழக்கம், எழுத்தில் உத்தரவும் உண்டு. போன வாரம், சுற்றுலாக்காரர்களின் போட்டோவில் கம்பம் விழுகிறதென்று பிடுங்கி ஓடுபாதை ஓரத்தில் நட்டார்கள். உத்தரவை மாற்றவில்லை. அண்ணன் கடிதம் எழுதியதற்கு, 'மறு உத்தரவு வரும்வரை பழையபடியே கழிக்கவும்' என்று பதில் வந்தது. கம்பத்தைப் பிடுங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி திருத்தி எழுத வரவில்லை.

"கம்பம்தான் பாதையோரத்துலயே நிக்குதே. இனி எதைக் கழிக்கிறது?" என்றார் அண்ணன்.

"உத்தரவு இருக்குல்ல? யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க. அண்ணி வர்றாங்கண்ணே!"

"அவ வர்றது எனக்குத் தெரியாதா?"

அவர் கோபுரத்துக்குப் பேசும் போனை எடுத்தார். "இருபத்தேழு. கழிக்கல."

தாழ்ந்து வந்துகொண்டிருந்த விமானம் தள்ளாடி, தலையைத் தூக்கி, எங்கள் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு திரும்பிப் போயே போய்விட்டது. "மோசமான வானிலை காரணமாக" என்று மைக்கில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஐந்து மணிக்கு அண்ணி கூப்பிட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒரேயடியா சாஞ்சு, மலை என் ஜன்னல்கிட்ட வந்துடுச்சு. இன்னும் கை காலெல்லாம் உதறுது" என்றார் அண்ணி. "கம்பத்தை மாத்திட்டாங்கன்னு நீ சொன்னியே, அவர் மூணைக் கழிச்சாரா?"

"கழிக்கல" என்றார் அண்ணன்.

"கழிச்சிருந்தா இறக்கியிருப்பாங்களா?"

"இறக்கியிருப்பாங்க."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுமா கழிக்கல?"

"நீ உள்ள இருந்தா காத்து குறைஞ்சிடுமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல அங்க வர்ற முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"ஆறு மணிக்கு அண்ணி!" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நீ சும்மா இரு. அவர் சொல்லட்டும்."

அண்ணன் போன் பக்கம் குனிந்தார்.

"ஆறு பத்துக்கு."