எந்த ஃப்ரேம் எடுக்க?

கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கத்தான் அரை நாள் வேண்டும். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பதினான்கு வருடமாக ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறேன். ஜவுளிக்கடையிலும் செருப்புக்கடையிலும் எதை எடுப்பது என்று முழித்து நின்றவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கூட்டம்தான்.

பன்னிரண்டு படம்

கழுகுமலையிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மைனஸ் எட்டு பவர். பழைய கண்ணாடியைக் கழற்றினால்தான் புது ஃப்ரேமை மாட்ட முடியும். கழற்றினால் எதிரே இருக்கிற நிலைக்கண்ணாடியே அவருக்குத் தெரியாது. "நல்லா இருக்காம்மா?" என்று தூணைப் பார்த்துக் கேட்டார்.

அவர் போனிலேயே ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கொடுத்தேன். பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதற்குள் இரண்டு கழுகுமலை பஸ் போய்விட்டது. கடைசியில் எல்லாவற்றையும் மனைவிக்கு அனுப்பி, ஸ்பீக்கரில் போட்டு, எது நல்லா இருக்கிறது என்று கேட்டார். பதில் கடை முழுக்கக் கேட்டது: "எல்லாத்துலயும் நீங்கதான இருக்கீங்க? எதையாவது எடுத்துட்டுச் சாப்பிட வாங்க."

முதலாவதா, இரண்டாவதா?

எங்கள் கடையில் கண் சோதிப்பவர் ஜெபராஜ் சார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று கேட்பார். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் மாடசாமி அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியிலேயே வியர்த்துவிட்டது. தப்பாகச் சொன்னால் சார் கோபிப்பாரோ என்று பயம். எந்த லென்ஸைப் போடும்போது சார் குரல் உயர்ந்ததோ, அதையே தெளிவு என்று சொல்லிவைத்தார்.

நாலாம் நாள் முழங்காலில் கட்டோடு வந்தார். புதுக் கண்ணாடியில் தரை மேலே ஏறி வருவதுபோலத் தெரிந்து, வரப்பில் விழுந்திருக்கிறார். அந்த நேரத்தில் இரண்டு ஆடு பருத்திக் காட்டுக்குள் புகுந்து, காட்டுக்காரனோடு சண்டை வேறு. சார் மறுபடி உட்காரவைத்தார். இந்தத் தடவை அண்ணாச்சி ஒவ்வொரு லென்ஸுக்கும் நிதானமாக யோசித்தார். "அதைத் திரும்பப் போடுங்க" என்று சாரையே அதட்டினார். இன்றைக்கு எப்படி இவ்வளவு தைரியம் என்று கேட்டேன்.

"அன்னைக்கு சாருக்குப் பிடிச்ச மாதிரி சொன்னேன், தாயி. இன்னைக்கு ஆடு தெரியுத மாதிரி சொல்லுதேன்."

விளிம்பில்லாதது

தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் அம்மாவோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கண்ணாடி போட்டிருப்பதே வெளியே தெரியாத மாதிரி, விளிம்பில்லாத ஃப்ரேம் வேண்டும் என்றார் அம்மா. மகளின் கை தடித்த கறுப்பு ஃப்ரேமுக்கே போய்ப் போய்த் திரும்பியது. "ஏட்டி, உன் இஷ்டம்" என்பார் அம்மா. முகம் வேறு சொல்லும். திங்கட்கிழமை வெறுங்கையோடு போனார்கள். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை, "பேசாம அன்னைக்கு ஒரு நாள் கண்ணாடி போடாம இருந்துருதேன்" என்று அவளே சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சனிக்கிழமை காலையில் தனியாக வந்து கறுப்பு ஃப்ரேமை எடுத்தாள். லென்ஸ் மாட்டி முடிகிறவரை கடையை விட்டு நகரவில்லை. அம்மா ஏதும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன்.

"அவிய என்னைப் பாக்க வாராவ. நானும் அவியளப் பாக்க வேண்டாமாக்கா?"

என் முறை

நாற்பத்திரண்டு வயதில் எனக்கும் கிட்டத்து எழுத்து மங்கியது. சுற்றிலும் ஃப்ரேம்; ஒன்றும் பிடிக்கவில்லை, அல்லது இரண்டு பிடித்தது. சார் பவர் எழுதித் தரும் சீட்டைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தே எட்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் சீட்டில் இருந்த 1.25 எனக்கு 1.75 ஆகத் தெரிந்தது; லென்ஸுக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அந்த லென்ஸ் போய்ச் சேர்ந்தது முத்துலட்சுமிக்கு. வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். குனிந்தால் தலைவலி என்று ஒரு வாரம் மிஷினை மூடிவைத்திருக்கிறாள். ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட் எல்லாம் வேறு தையல்காரிக்குப் போய்விட்டது.

அவள் சீட்டோடு கடைக்கு வந்தபோது, நான்தான் தப்பாக எழுதினேன் என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"ஏன்க்கா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியலை."

"பெறகு கண்ணாடி போட வேண்டியதுதான?"

"எதை எடுக்கன்னு தெரியலை."

அவள் தட்டில் கைக்கு அகப்பட்ட ஒரு ஃப்ரேமை எடுத்து என் மூக்கில் வைத்தாள். நான் நிலைக்கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அங்கன பாக்காதீங்க. என் சீட்டைப் பாருங்க."

அந்த ஃப்ரேமில்தான் லென்ஸ் மாட்டி இன்றுவரை போட்டிருக்கிறேன். அது எனக்குப் பொருந்துகிறதா என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.